குத்தாமல் இரத்தச் சர்க்கரை அறிய இயலுமா?

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வு, 18 முதல் 69 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 11.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இந்தியரைத் தனியே எடுத்துக்கொண்டால் அக்கணக்கு 17.2 ஆக உயர்ந்து நின்றது. வளர்ந்த இந்தியரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் என்பது அதன் பொருள். 2016இல் அரசாங்கம் இந்நோயின்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. அப்போரில் நோயாளியின் கையிலுள்ள ஆயுதம் ஒரு சிறு ஊசிதான். இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் நாளில் பலமுறை விரல் நுனியைக் குத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. வலிக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. எனவே, குத்தாமலே சர்க்கரையை அளக்கும் கருவி வரப்போகிறது என்ற செய்தி சிராங்கூன் சாலைப் பக்கம் ஆவலோடு பேசப்படுவதில் வியப்பில்லை. அவ்வாறு பேசப்படும் வழிகளுள் ஒன்று நுண்ணலை.

முதலில் ஊசிமுறை எதை நம்பியிருக்கிறது என்பதைக் காணல் வேண்டும். இரத்தத் துளியை வாங்கும் பட்டையில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் உப்பு, புரதம், கொழுப்பு எனப் பல பொருள்கள் இருந்தாலும், பெருங்கூட்டத்தில் தன் ஆளை அடையாளங்கண்டு பிடிக்கும் காவலரைப் போல அந்நொதி குளூக்கோசைத் தேடிப் பற்றுகிறது. அவ்வினையில் பிறக்கும் மின்னோட்டத்தைக் கருவி அளந்து சொல்கிறது. அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் 1962இல் காட்டிய வழி இது. மேற்கையில் 14 நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் இக்கால வில்லைகளும் அவ்வழியினவே. ஆயினும் அவற்றிலும் ஒரு மெல்லிய இழை தோலுக்குள் சென்றே தீரவேண்டும்.

நுண்ணலைக்கு அத்தேவை இல்லை. தோலையும் சதையையும் ஓரளவு ஊடுருவிச் செல்வது அதன் இயல்பு. சமையலறையில் உணவைச் சுடவைக்கும் அடுப்பில் விநாடிக்கு 245 கோடி முறை அதிர்வதும் இதே இன அலைதான். அடுப்பின் அலை நூற்றுக்கணக்கான வாட் வலிமையுடையது. சோதனைக் கருவியினதோ ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதனால் விரல் வெந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை.

அலை எவ்வாறு சர்க்கரையை உணர்கிறது? ஜலதரங்க வித்துவான் பீங்கான் கிண்ணங்களில் நீரூற்றிச் சுருதி கூட்டுவதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். நீர் கூடினால் ஒலி தாழும், குறைந்தால் உயரும். நுண்ணலைக் கருவியில் கிண்ணத்திற்குப் பதிலாக ஒரு சிறு உலோக வளையம் இருக்கிறது. அதற்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. விரலை அருகே வைத்தவுடன் அச்சுருதி தாழ்கிறது. விரலிலுள்ள நீரின் மூலக்கூறுகள் அலையின் மின்விசைக்கேற்பத் திரும்பித் திரும்பி ஆடுவதே காரணம். இவ்வாறு இசைந்துகொடுக்கும் தன்மையை இயற்பியலார் விடுதிறன் என்பர். நீருக்கு அது ஏறத்தாழ 80. சர்க்கரை கரைந்தால் நீரின் இடத்தில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்கிறது. அண்டையிலுள்ள நீர் மூலக்கூறுகளின் ஆட்டத்தையும் தளர்த்துகிறது. விடுதிறன் இறங்குகிறது, சுருதி சற்றே ஏறுகிறது.

கோட்பாட்டில் குற்றமில்லை. தொல்லை எல்லாம் அந்தச் 'சற்றே' என்ற சொல்லில் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் உள்ள குளூக்கோஸ் ஐந்து கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு. (தமிழகத்தில் 100 என்று எழுதுவதும் சிங்கப்பூரில் 5.5 என்று எழுதுவதும் இதே அளவுதான். ஊருக்குப் போய் வருவோர் இவ்வெண்களைக் கண்டு திகைப்பதுண்டு.) அது இருமடங்கானாலும் நீரின் விடுதிறனில் உண்டாகும் மாறுதல், நீரின் உஷ்ணம் ஒரு பாகை ஏறினால் உண்டாகும் மாறுதலை விடச் சிறியது.

நண்பகல் வெயிலில் தேக்காவிலிருந்து நடந்து, சையது ஆல்வி சாலையில் குளிரூட்டப்பட்ட முஸ்தபா கடைக்குள் நுழைகிறவரை எண்ணிப் பார்க்கலாம். சிறிது நேரத்தில் விரலின் உஷ்ணம் பல பாகை இறங்கக்கூடும். வியர்வை உலர்கிறது, தோலடி நாளங்கள் சுருங்குகின்றன. இரத்தச் சர்க்கரை இருந்தபடியே இருக்கிறது. கருவியின் சுருதியோ எங்கோ போய்விடுகிறது. விரலைச் சற்று அழுத்தி வைத்தாலும் இதே கதிதான். அலை உடலுக்குள் புகுவது எளிது. அது கொண்டுவரும் மாறுதல் சர்க்கரையால் நேர்ந்ததா, வியர்வையால் நேர்ந்ததா எனப் பிரித்தறிவதே அரிது. நொதிக்கு உள்ள அடையாளங்காணும் ஆற்றல் அலைக்கு இல்லை.

இதில் மறைந்துள்ள பொறியை மார்க் அர்னால்டு என்ற வேதியியலாரும் அவர்தம் தோழர்களும் 1998இல் வெளிப்படுத்தினர். அவர்கள் எடுத்துக்கொண்டது நுண்ணலையன்று, அகச்சிவப்பு ஒளி; எனினும் பாடம் ஒன்றே. குளூக்கோஸ் அறவே இல்லாத போலித் தசைகளிலிருந்து பெற்ற அளவீடுகளுடன், வேறொரு சோதனையில் மனிதரிடம் கண்ட சர்க்கரை எண்களை இணைத்துக் கணக்கிட்டார்கள். இல்லாத சர்க்கரையைக் கணக்கு அழகாக 'முன்னறிந்து' சொல்லிற்று! சர்க்கரைக் கரைசல் பருகியவருக்கு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை ஏறி இறங்கும். அதே வேளையில் கருவியும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால், இரண்டையும் பொருத்திவிடுவது கணிதத்திற்குப் பெரிய காரியமன்று.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பெண்ட்ரா என்ற கைக்கடிகாரம் நுண்ணலைக்குக் கீழ்ப்பட்ட ரேடியோ அலைகளைக் கொண்டு சர்க்கரையை அளப்பதாகச் சொல்லி, 2003இல் ஐரோப்பிய விற்பனை முத்திரையும் பெற்றது. நெதர்லாந்து மருத்துவர்கள் அதை நோயாளிகளிடம் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். அது காட்டிய எண்களின் சராசரிப் பிழை நூற்றுக்கு 52! வீட்டில் பயன்படும் ஊசிக் கருவிகளுக்கு 2013ஆம் ஆண்டின் உலகத் தர விதி அனுமதிக்கும் பிழை, சர்க்கரை 5.5க்கு மேல் உள்ளபோது, நூற்றுக்கு 15 மட்டுமே. நூறு சோதனைகளில் 95 அவ்வெல்லைக்குள் அடங்கவும் வேண்டும்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் 2020இல் விவரித்த கருவியில், உலோகக் கோலங்கள் கையின் இரத்தநாள அமைப்பையே ஒத்து வரையப்பட்டுள்ளன; அலை நாளங்களைச் சார்ந்தே செல்லட்டும் என்பது நோக்கம். உஷ்ணத்தையும் வியர்வையையும் தனித்தனியே அளந்து கழித்துவிடும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. நுண்ணலைக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. ஒளியைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் விரற்கருவிகள், கருநிறத் தோலுடையோரிடம் தவறுவது மிகுதி என 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. நுண்ணலையோ தோலின் நிறத்தைப் பொருட்படுத்துவதில்லை. தமிழர்க்கு இது சிறு செய்தியன்று.

ஆயினும் 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தோலைத் துளைக்காமல் தாமாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும், அவற்றை வாங்க வேண்டாம் என்றும் எச்சரித்தது. இன்சுலின் போடுவோர்க்கு இது உயிர்ப்பிரச்சினை. உண்மையில் 4 ஆக இருக்கும் சர்க்கரையைக் கருவி 12 எனக் காட்ட, அதை நம்பி மருந்தேற்றிக்கொண்டவர் மயங்கி வீழ்வார்; உடனே கவனிப்பாரில்லையேல் மீளாமலும் போகலாம்.

இத்தகைய கருவியைச் சோதிக்கச் சர்க்கரைக் கரைசலைப் பருகத் தருவதோடு நிறுத்தலாகாது. வேறொரு நாள், நீரிழிவில்லாத அதே ஆளுக்கு வெறும் வயிற்றில் வெறுந்தண்ணீர் மட்டும் கொடுத்து, வெயிலிலும் குளிரறையிலும் மாறிமாறி உட்காரவைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் கருவி வரையும் கோடு மேலும் கீழும் போகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.