வட்டியில்லா வங்கியும் சட்டத்தின் காவலும்

வட்டியை இஸ்லாம் விலக்கியது, வணிகத்தை விலக்கவில்லை. பொருளை விற்று ஊதியம் பெறலாம். கூட்டாக முதலிட்டு இலாப நட்டங்களைப் பகிர்ந்துகொள்ளலாம். இவ்வேறுபாட்டின் மீது எழுந்ததே இஸ்லாமிய வங்கி. ஏட்டளவில் எளிதான இக்கொள்கையை நடைமுறையில் காப்பது எத்துணை அரிது என்பதற்கு மலேசிய நாடு தக்க சான்றாகும்.

அங்கே 1983-ஆம் ஆண்டில் இஸ்லாமிய வங்கிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாங்க் இஸ்லாம் என்னும் வங்கியும் அவ்வாண்டே தோன்றியது. இத்தகைய வங்கி, வீடு வாங்க விழைவோருக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பதில்லை. ஓரிலட்சம் வெள்ளி விலையுள்ள வீட்டைத் தான் வாங்கி, அவருக்கே இரண்டு இலட்சத்துக்கு விற்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதனைப் பல்லாண்டுத் தவணைகளில் செலுத்துவார்.

சில ஆண்டுகளிலேயே அவரால் தவணை கட்ட இயலாமற் போனால் என் செய்வது? எஞ்சிய விலை முழுவதையும் வங்கி கேட்கலாமா? வங்கி அவ்வீட்டை மெய்யாகவே தன் உடைமையாக ஏற்றதா, அன்றி வட்டிக்கே விலை என்னும் பெயரைச் சூட்டியதா? 2008-இல் உயர்நீதிமன்றம் ஒன்று, இஃது உண்மையான விற்பனையன்று எனத் தீர்ப்பளித்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கருத்தை ஏற்க மறுத்தது.

அங்ஙனமாயின், இறுதி முடிவு கூறவேண்டியவர் யார்? நாட்டின் நடுவண் வங்கி 1997-இலேயே ஷரீஅத் ஆலோசனைக் குழுவை அமைத்திருந்தது. தொடக்கத்தில் அதன் கருத்து நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டமே அதனைக் கட்டுப்படுத்தும் முடிவாக்கியது. நீதிமன்றத்தின் அதிகாரத்தை இது பறிக்கிறது என்று வழக்கு எழுந்தது. 2019-இல் ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் சட்டம் செல்லும் என்றனர், நால்வர் மாறுபட்டனர். அறிஞர்க்கும் இது எளிய வினா அன்று என்பதை அவ்வெண்ணிக்கையே உணர்த்துகிறது.

சேமிப்போரைப் பற்றியும் சிக்கல் உண்டு. கூட்டு முதலீட்டில் நட்டமும் பங்காகும். ஆனால் வங்கியில் பணம் வைப்பவர் முதல் குறையாது என்றே நம்புகிறார். ஆகவே 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்தது. வைப்புக் கணக்கில் இட்ட முதலை வங்கி திருப்பித் தரவேண்டும். முதலீட்டுக் கணக்கில் அவ்வுறுதி இல்லை.

வங்கியின் பெயர் மட்டும் மக்களைக் காவாது. ஒப்பந்தத்தில் எழுதியதை வங்கி செயலிலும் செய்கிறதா, நட்டம் வந்தால் யார் தாங்குவது என்பவற்றை முன்கூட்டியே தெளிவாக்கும் சட்டமே சமயக் கொள்கைக்கும் சிறுசேமிப்புக்கும் அரணாகும்.