மெகாபிக்சல் மட்டும் போதுமா?

டிஜிட்டல் கேமரா வாங்கச் சென்றால் கடைக்காரர் முதலில் சொல்வது, "இது இருபது மெகாபிக்சல்" என்பதாகும். எண் பெரிதானால் படமும் சிறக்கும் என நாமும் நம்பிவிடுகிறோம். இந்நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஈண்டு ஆராய விழைகிறேன்.

அன்று பிலிம் செய்த வேலையை இன்று சென்சார் எனும் சிலிக்கான் சில்லு செய்கிறது. ஒளி பட்டதும் அதிலுள்ள ஒவ்வொரு நுண்கட்டத்திலும் மின்னூட்டம் சேர்கிறது. அந்த நுண்கட்டமே பிக்சல்.

சிறிய கேமராக்கள் பலவற்றில் உள்ள சென்சாரின் அளவு 6.17 × 4.55 மி.மீ.; பரப்பு 28 சதுர மி.மீ. 'ஓர் அங்குலம்' எனப்படும் சென்சாரோ 13.2 × 8.8 மி.மீ.; பரப்பு 116 சதுர மி.மீ. (பெயரில் மட்டுமே அங்குலம் உண்டு! பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது.) இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் பிக்சல்கள் இருந்தால், பெரியதன் பிக்சல் நான்கு மடங்கு ஒளியைப் பெறும்.

இதனால் என்ன பயன்? தூறலில் முற்றத்தில் டம்ளர்களை வரிசையாக வையுங்கள். ஒன்றில் மூன்று துளி விழும். அடுத்ததில் ஆறு விழும். வாளிகளை வைத்தால் அவ்வேறுபாடு தெரியாது. ஒளியும் துளித்துளியாகவே வருகிறது. சராசரி 100 துளி எனில் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு. 400 துளி எனில் 20. அதாவது 5 விழுக்காடே. இந்த ஏற்ற இறக்கமே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இருவகைக் கேமராக்களாலும் படமெடுத்துப் பார்த்தேன். நண்பகல் படங்களில் வேறுபாடு காண்பது அரிதாக இருந்தது. அந்தி மயங்கியபின் எடுத்தவற்றிலோ, சிறிய சென்சாரின் படத்தில் நீர்ப்பரப்பு முழுவதும் மணல் தூவியதுபோல் இருந்தது.

சென்சாரில் இரு வகை உண்டு. 1969இல் பாயிலும் ஸ்மித்தும் கண்ட சி.சி.டி. முதல்வகை, அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றனர். நம் காவலூர் வானாய்வகத்தில் விண்மீன்களைப் படமெடுத்ததும் இவ்வகையே. கிணற்றடியில் குடங்களைக் கைமாற்றுவதுபோல் இதில் மின்னூட்டம் கட்டம் கட்டமாக நகர்ந்து அளவிடப்படுகிறது. மற்றது சீமாஸ். இதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனிப் பெருக்கி உண்டு. மின்செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் பெரும்பாலானவை வரிவரியாகப் பதிவதால், அம்பத்தூரில் நிற்காமல் விரையும் ரயிலைப் படமெடுத்தால் பெட்டிகள் சாய்ந்து தெரியக்கூடும்.

நண்பர்களே! நம்மில் பலருடைய பெற்றோர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம் அது. புதியதோ பழையதோ, கேமரா வாங்குமுன் "எத்தனை மெகாபிக்சல்?" என்பதோடு நில்லாது, "சென்சார் எத்தனை மி.மீ.?" என்றும் கேளுங்கள். பகலில் மட்டும் எடுப்பவருக்குச் சிறியதே போதும்; மாலையிலும் மண்டப விளக்கொளியிலும் எடுப்பவர் பெரியதை நாடுவதே அறிவுடைமை.