கழுத்து தன் பிடியை இழக்கும்போது

கழுத்து வலிக்கென்று எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் சில வரிகள் திரும்பத் திரும்பத் தென்படும். சி5-சி6 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. விளிம்பில் எலும்பு முளைத்திருக்கிறது. ஒரு முள்ளெலும்பு அடுத்ததன் மேல் சற்றே நகர்ந்திருக்கிறது. படிப்பவருக்கு இவை மூன்று தனித்தனி நோய்களாகத் தோன்றும். பல நேரங்களில் மூன்றும் ஒரே கோளாறின் வெவ்வேறு கட்டங்கள்தான். எலும்புகளை அதனதன் இடத்தில் பிடித்துவைக்கும் ஏற்பாடு தளர்கிறது. அந்தத் தளர்வை ஈடுகட்ட உடம்பு சில வேலைகளைச் செய்கிறது. ஈடுகட்டச் செய்த வேலையே பிறகு நரம்பை நெருக்குகிறது. இந்தத் தளர்வை மருத்துவர்கள் ‘இன்ஸ்டெபிலிட்டி’ என்கிறார்கள்.

ஏழு எலும்பு, ஆறு டிஸ்க்

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உண்டு. மேலிருந்து சி1, சி2 என்று சி7 வரை எண்ணுவார்கள். ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடையுள்ள தலையை இவை தாங்க வேண்டும். அதே நேரம் குனியவும் நிமிரவும் திரும்பவும் இடம் கொடுக்க வேண்டும். சி1, சி2 இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் கிடையாது. சி2-க்குக் கீழேதான் டிஸ்க் தொடங்குகிறது. சி7-க்கும் மார்பின் முதல் முள்ளெலும்புக்கும் இடையில் உள்ளதைச் சேர்த்தால் மொத்தம் ஆறு.

டிஸ்க்கின் நடுவே நீர்ச்சத்து மிகுந்த மென்மையான பகுதி இருக்கிறது. அதைச் சுற்றி அடுக்கடுக்கான நார் வளையம். எலும்புகளின் பின்புறத்தில் இடமும் வலமுமாக ‘ஃபேசட்’ எனப்படும் சிறு மூட்டுகள். எலும்போடு எலும்பைக் கட்டிவைக்க முன்னும் பின்னும் லிகமென்ட் என்னும் உறுதியான நார்கள். நடுக்கால்வாயில் தண்டுவடம் இறங்குகிறது. பக்கத்துத் துளைகள் வழியாகக் கைகளுக்கான நரம்புகள் வெளியேறுகின்றன. இவ்வளவும் உள்ளங்கை நீளத்துக்குள் அடங்கியிருப்பதால், இங்கே சில மில்லிமீட்டர் பிசகினாலும் விளைவு பெரிது.

எது தளர்வு?

கழுத்து நன்றாக வளைகிறது என்பதால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருளல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் அகஸ்டஸ் ஒயிட், மனோகர் பஞ்சாபி இருவரும் 1970-களில் வகுத்த விளக்கத்தையே இன்றும் பலர் எடுத்தாள்கிறார்கள். அன்றாடப் பாரத்தைச் சுமக்கும்போது முள்ளெலும்புகள் தமக்குள் இருக்கும் ஒழுங்கைக் காக்க முடியாமல் போக வேண்டும். அதனால் தண்டுவடமோ நரம்போ பாதிக்கப்பட வேண்டும், அல்லது முடக்கிப்போடும் வலியோ கோணலோ வர வேண்டும். அதுதான் தளர்வு. சி2-க்குக் கீழுள்ள பகுதிக்கு அவர்கள் அளவும் சொன்னார்கள். ஒரு முள்ளெலும்பு அடுத்ததன் மேல் 3.5 மி.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தாலோ, அந்த இணைப்பின் கோணம் பக்கத்து இணைப்புகளைவிட 11 டிகிரிக்கு மேல் கூடியிருந்தாலோ தளர்வைச் சந்தேகிக்கலாம்.

கழுத்தை நிலையாக வைத்திருப்பது எலும்பு மட்டுமல்ல. எலும்பு, டிஸ்க், லிகமென்ட் மூன்றும் சேர்ந்தது ஓர் ஏற்பாடு, தசைகள் இன்னொன்று, எந்தத் தசை எப்போது எவ்வளவு இறுக வேண்டும் என்று ஆணையிடும் நரம்பு மண்டலம் மூன்றாவது என்று பஞ்சாபி 1992-இல் எழுதினார். ஒன்று குறைந்தால் மற்றவை கூடுதலாக உழைக்கும். அதனால்தான் லிகமென்ட் தளர்ந்த பலர் கழுத்து ஆடுவதாகச் சொல்வதில்லை. தோள்பட்டை வரை தசை கல்லாக இறுகிக் கிடக்கிறது, சாயங்காலமானால் தலையைத் தாங்கவே அசதியாக இருக்கிறது என்றுதான் வருகிறார்கள்.

டிஸ்க்குக்கு என்ன ஆகிறது?

வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்கு உள்ளே ரத்தக்குழாய் செல்வதில்லை எனலாம். மேலும் கீழும் உள்ள குருத்தெலும்புத் தட்டு வழியாக ஊறி வருவதே அதற்கு உணவு. ஆகவே கிழிந்தால் எளிதில் ஆறாது. முள்ளெலும்பு முன்னும் பின்னும் வழுக்கத் தொடங்கும்போது, மேலிருந்து வரும் அழுத்தத்தோடு முன்பின் இழுப்பையும் நார் வளையம் தாங்க வேண்டியிருக்கிறது. அதில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. நடுப்பகுதி நீரை இழக்கிறது. டிஸ்க் உயரம் குறைந்து ஓரம் பிதுங்குகிறது. கிழிசல் முழுதாகத் திறந்துகொண்டால் உள்ளிருப்பது வெளியேறி நரம்பைத் தொடுகிறது.

உயரம் குறைவது தனியாக ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பந்தல்கால் சற்றே மண்ணுக்குள் இறங்கினால் இழுத்துக் கட்டிய கயிறெல்லாம் தொய்ந்துவிடும் அல்லவா? அப்படித்தான் எலும்புகள் நெருங்கியதும் லிகமென்ட்கள் தொய்கின்றன. தொய்வால் நகர்வு கூடுகிறது. நகர்வால் டிஸ்க் மேலும் கிழிகிறது. இந்தச் சுழல் எங்கே தொடங்குகிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. டிஸ்க்கில்தான் தொடக்கம் என்பது பரவலான பார்வை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய நரம்பியல் அறுவை நிபுணர் அதுல் கோயல், ஃபேசட் மூட்டின் தளர்வே முதல் வினை, டிஸ்க் கெடுவது அதன் விளைவு என்று வாதிட்டுவருகிறார்.

முள்ளெலும்புக்கு என்ன ஆகிறது?

‘கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது’ என்று வீட்டில் பேசிக்கொள்ளும் நிலையில், எக்ஸ்ரேயில் தெரிவது பெரும்பாலும் கூடுதலாக வளர்ந்த எலும்பு. தேய்வது டிஸ்க்கும் மூட்டுகளின் குருத்தெலும்பும்தான். பாரம் கூடிய இடத்தில் தடித்து வளர்வது எலும்பின் இயல்பு. முள்ளெலும்பின் விளிம்புகள் முளைவிட்டு, பாரத்தை அகலமான பரப்பில் பகிர முயல்கின்றன. ஃபேசட் மூட்டுகள் பருக்கின்றன. கால்வாயின் பின்சுவரில் உள்ள மஞ்சள் நிற லிகமென்ட் தடித்து உள்பக்கம் மடிகிறது. சில ஆண்டுகளில் அந்த இணைப்பு விறைத்து, நகர்வு குறைந்தும் விடலாம். முதலில் செயல் பிசகு, பிறகு தளர்வு, கடைசியில் விறைப்பு என்று இடுப்புப் பகுதி முதுகெலும்பை வைத்து எலும்பு அறுவை நிபுணர் கிர்கால்டி-வில்லிஸ் 1982-இல் விவரித்த வரிசை கழுத்துக்கும் ஓரளவு பொருந்துகிறது. வயதானவர்கள் சிலருக்குக் கழுத்து திரும்பாவிட்டாலும் பழைய வலி இல்லாமலிருப்பது இதனால்தான்.

இந்த விறைப்புக்கு விலை உண்டு. நடுக்கழுத்தில் தண்டுவடக் கால்வாயின் முன்பின் அகலம் பொதுவாக 17 மி.மீ. அளவில் இருக்கும், 13-க்குக் கீழே போனால் குறுகல் என்பார்கள். முன்னாலிருந்து டிஸ்க்கும் எலும்பு முளையும், பின்னாலிருந்து லிகமென்ட்டும் நெருக்கினால் தண்டுவடம் நடுவில் மாட்டுகிறது. பக்கத்துத் துளை குறுகினால் நரம்பு மாட்டுகிறது. சி5-சி6 இடையில் நெருக்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்துப்போகும். சி6-சி7 என்றால் பெரும்பாலும் நடுவிரல்.

டிஸ்க் இல்லாத மேல்கழுத்து

தலையைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழ பாதி சி1-சி2 இடையில் நடக்கிறது. சி2-இலிருந்து மேலெழும் பல் போன்ற நீட்சியை ஒரு குறுக்கு லிகமென்ட் சி1-இன் முன்வளைவோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது அறுந்தாலோ தளர்ந்தாலோ அந்தப் பல் பின்னால் நகர்ந்து தண்டுவடத்தையே அழுத்தும். விபத்து, ருமட்டாய்டு மூட்டுவாதம், காசநோய், பிறவி எலும்புக் குறைபாடுகள் இதற்குக் காரணமாகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு இந்த லிகமென்ட் இயல்பிலேயே தளர்வு. சி1-க்கும் அந்தப் பல்லுக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ.க்கும், குழந்தைகளுக்கு 5 மி.மீ.க்கும் மேல் போகக்கூடாது. நீண்டகால ருமட்டாய்டு நோயாளிகள் எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து நிபுணரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூச்சுக்கான குழாய் செருகத் தலையைச் சாய்க்கும்போது எச்சரிக்கை தேவை. சி1, சி2 எலும்புகளைத் திருகாணியும் தட்டும் கொண்டு பிணைக்கும் முறையை கோயல் 1994-இல் வெளியிட்டார்; இன்று அது உலகெங்கும் பயன்படுகிறது.

கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுக்கப்படுகிறது. அப்போது தலையின் பாரம் கழுத்தில் இல்லை. நின்றால் நகரும் எலும்பு, படுத்தால் இடத்துக்குத் திரும்பியிருக்கலாம். அதனால் தளர்வைப் பார்க்க, குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே தேவைப்படுகிறது. விபத்துக்குப் பிறகு இதை மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது.

ரிப்போர்ட்டைக் கண்டு பயப்படவும் வேண்டியதில்லை. கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 40 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் கெட்டிருந்தது. படமும் அறிகுறியும் ஒத்துப்போனால்தான் அது நோய்.

நரம்புப் பாதிப்பு இல்லாத லேசான தளர்வுக்குப் பயிற்சியே முதல் சிகிச்சை. கழுத்தின் முன்புறம் ஆழத்தில் உள்ள தசைகளையும் தோள்பட்டைத் தசைகளையும் ஃபிசியோதெரபிஸ்ட் படிப்படியாகப் பலப்படுத்துவார். காலர் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் அந்தத் தசைகளே மெலியும். தண்டுவடம் அழுந்தினாலோ நகர்வு அதிகமானாலோ எலும்புகளை இணைக்கும் அறுவைச் சிகிச்சை வரும். இணைத்த இடம் அசையாததால் மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் கூடுதல் பாரம் சுமக்கின்றன. 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து ஆண்டுகளுக்குள் நான்கில் ஒருவருக்குப் பக்கத்து இணைப்பில் புதிய தொந்தரவு வரலாம் என்று கணித்தது.

தளர்வு இருப்பவர்கள் சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுக்க விடவே கூடாது. மூளைக்குப் போகும் தமனிகளில் இரண்டு கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, நடையில் தள்ளாட்டம், குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை தண்டுவடம் அழுந்துவதற்கான அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ‘வலி இல்லையே’ என்று நாளைக் கடத்த வேண்டாம். தண்டுவடம் நசுங்குவது பலருக்கு வலி இல்லாமலேயே நடக்கிறது; இழந்த பலம் சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.