வயிற்று வலி என்று எழுந்த பையன்



சென்ற ஐப்பசி மழையின்போது நமது மஹல்லாவில் பாய் விரித்துத் தரையில் படுத்திருந்த ஒரு பையன், நடுச்சாமத்தில் வயிற்று வலி என்று எழுந்தான். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஃபஜ்ருக்கு எழுப்பினால் இமையைத் திறக்க முடியவில்லை, பேச்சு குழறியது. தூக்கக் கலக்கம் என்றே வீட்டார் நினைத்தார்கள். பாயைச் சுருட்டும்போது பாம்பைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதன் பிறகும் ஓதிப் பார்க்கக் கொண்டுபோனதில் ஒரு மணி நேரம் போயிற்று. எங்கே கடித்தது என்றே தெரியாத நிலையில் காலில் கயிறு கட்டச் சொன்னவர் எங்கள் நிர்வாகிகளில் ஒருவர். அதை மறைப்பதற்கில்லை. செயற்கைச் சுவாசத்தில் 6 நாட்கள் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், பையன் பிழைத்து வந்தான்.

அவனைக் கடித்தது கட்டுவிரியன். இரவில் இரை தேடும் பாம்பு. பல் மிகச் சிறியது. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, தடமும் தெரியாமல் போகலாம். தரையில் உறங்கியவர் இரவிலோ விடியலிலோ காரணமில்லாத வயிற்று வலி, இமை சொருகல், எச்சில் விழுங்க முடியாமை என்று சொன்னால், பாம்பைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் உடனே கிளம்பிவிட வேண்டும். நல்ல பாம்பின் நஞ்சும் இப்படி மூச்சை நிறுத்தக்கூடியதே. ஆனால் கடிவாயில் வலியும் வீக்கமும் தெரியும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. மருத்துவமனையில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பது, உறைகிறதா என்று பார்க்கத்தான். "சும்மா வைத்திருக்கிறார்களே" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இந்த நான்கு பாம்புகளுக்கும் மருந்து ஒன்றுதான். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துச் செய்கிறார்கள். அதற்கான நஞ்சில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். குழந்தைக்கும் பெரியவருக்குமான அளவு ஒன்றே, ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

கயிறு கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும். அவிழ்த்ததும் நஞ்சு மொத்தமாக ஏறும். கீறுவதும் உறிஞ்சுவதும் பயனற்றவை. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் கடிபட்ட உறுப்பைக் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையவிடாமல், நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் இருக்கிற வாகனத்தில் புறப்படுங்கள். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. தேடப்போய் இரண்டாவது ஆளும் கடிபடுவதுண்டு.

ஓதிப் பார்ப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நஞ்சு தீண்டிய ஒருவருக்கு ஸஹாபாக்கள் ஃபாத்திஹா சூரா ஓதிய செய்தி ஸஹீஹான ஹதீஸில் உள்ளது. அதை நாங்கள் மறுக்கவில்லை. மருந்து செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். வண்டியில் போகும்போதே ஓதலாம். ஓதுவதற்காக வண்டியை நிறுத்துவதுதான் தவறு.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ரமலானில் ஸஹருக்கு விறகு எடுக்கப்போகும் நமது பெண்களும், தராவீஹ் முடிந்து வரப்பு வழியே வீடு திரும்பும் பிள்ளைகளும் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. விறகையும் வைக்கோலையும் வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். கட்டில் இல்லாதவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுத்தால் கொசுவோடு கட்டுவிரியனும் வெளியே நிற்கும்.

நமது மதரஸாவில் தங்கி ஓதும் மாணவர்கள் இன்னமும் தரையில்தான் படுக்கிறார்கள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கட்டிலோ, கிழியாத கொசுவலையோ இருந்தால் மழைக்கு முன் அறக்கட்டளை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும்.