பிள்ளையின் மூளைக்கு அயோடின்: கருத்தரிக்கும் முன்பே கவனிக்க வேண்டும்

கருவுற்ற தாய்மார்களுக்கு எந்தச் சத்து முக்கியம் என்று கேட்டால், இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், கால்சியம் என்று உடனே பதில் வரும். அயோடின் என்று சொல்பவர்கள் குறைவு. ஆனால், வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளைக்கு இன்றியமையாத சத்துகளில் அயோடினும் ஒன்று. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு உலகெங்கும் முக்கியக் காரணமாக இருந்து வருவது அயோடின் பற்றாக்குறைதான்.

அயோடின் உடலில் என்ன செய்கிறது?

நம் முன்கழுத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவில், தைராய்டு எனும் சுரப்பி இருக்கிறது. உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் தேவையான ஹார்மோனை இது சுரக்கிறது. அந்த ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். அது போதாதபோது சுரப்பி வீங்கிப் பெரிதாகிறது. இதைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம்.

கழலை வெளியே தெரியும். வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஏற்படும் பாதிப்பு தெரியாது. ஏறக்குறைய 12 வாரத்தில்தான் கருவின் சொந்தச் சுரப்பி வேலை செய்யத் தொடங்குகிறது. அதுவரை தாயின் ஹார்மோனை மட்டுமே நம்பி அந்தப் பிள்ளை வளர்கிறது. அதன் பிறகும் கர்ப்பத்தின் பாதிக் காலம் வரை பெரும்பாலும் தாயையே சார்ந்திருக்கிறது. இதனால் தாயின் சுரப்பி வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. சிறுநீர் வழியாகவும் அயோடின் கூடுதலாக வெளியேறுகிறது.

ஆகவேதான், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்று கூறும் உலகச் சுகாதார நிறுவனம், கருவுற்ற தாய்மார்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது.

எப்போது தொடங்க வேண்டும்?

இதற்குத் தெளிவான விடை பாப்புவா நியூ கினியின் ஜிமி ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து கிடைத்தது. கழலை மிகுந்த அந்த மலைப் பகுதியில் 1966-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போடப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு வெறும் உப்பு நீர் ஊசி. அயோடின் பெறாத தாய்மார்களுக்குப் பிறந்த 534 பிள்ளைகளில் 26 பேர் மூளை வளர்ச்சிக் குறையுடன் பிறந்தனர். அயோடின் பெற்றவர்களின் 498 பிள்ளைகளில் அப்படிப் பிறந்தவர்கள் 7 பேர். அந்த 7 பேரில் 6 பேரின் தாய்மார்கள், ஊசி போடும்போதே கருவுற்றிருந்தவர்கள்.

அதாவது, கருத்தரித்த பிறகு கொடுத்த அயோடின் அந்தப் பிள்ளைகளுக்குக் காலம் கடந்து போய்ச் சேர்ந்தது. 'நாள் தள்ளிப் போகட்டும், கிளினிக்கில் பதிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பது சரியல்ல. திருமணமான நாள் முதலே கவனிக்க வேண்டும்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறோம்?

ஜாசின் மக்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. செர்க்காம், உம்பாய் போன்ற மீனுக்குப் பெயர் போன கடற்கரைகள் இந்த மாவட்டத்தில்தான் உள்ளன. ஆனால், கடலருகே வசிப்பதால் மட்டும் உடலில் அயோடின் சேர்ந்துவிடாது. அது சாப்பாட்டில் வர வேண்டும். குனோங் லேடாங் அடிவாரத்து ஆசாஹானில் இருப்பவரானாலும் உம்பாயில் இருப்பவரானாலும், தட்டில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

'உப்பே கடலில் விளைந்ததுதானே' என்று நினைப்பதும் தவறு. கடல் நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் இயற்கையாகத் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பானாலும் சரி, இன்று பிரபலமாகியிருக்கும் இளஞ்சிவப்பு உப்பானாலும் சரி, தனியாக அயோடின் சேர்க்காவிட்டால் பயனில்லை.

நம் நாட்டில் 2008-இல் 8 முதல் 10 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேரின் சிறுநீரில் அயோடின் அளவு குறைவாக இருந்தது. போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 6.8 விழுக்காடு மட்டுமே. சபாவிலும் சரவாக்கின் சில பகுதிகளிலும் அயோடின் உப்பு முன்பே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2020 செப்டம்பர் 30 முதல், நாடு முழுவதும் 20 கிலோவுக்கு மேற்படாத பொட்டலங்களில் விற்கப்படும் உப்பில் அயோடின் கட்டாயமாயிற்று.

அப்படியானால் உப்பே போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டப்படி ஒரு கிலோ உப்பில் 20 முதல் 40 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவர் சாப்பிடக்கூடிய உப்பு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். அதில் கிடைப்பது 100 முதல் 200 மைக்ரோகிராம். சமைக்கும்போது கொஞ்சம் வீணாகும். ஆகவே, 250 மைக்ரோகிராம் தேவைப்படும் தாய்க்கு உப்பு மட்டும் போதாது.

அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிடக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மீதத்தை உணவில் தேட வேண்டும். கெம்போங் போன்ற கடல் மீன், இறால், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில் அயோடின் உண்டு. நெத்திலியை ஊற வைத்து உப்பைக் கழுவிச் சமைக்கலாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. கடற்பாசியில் சில வகைகளில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கும். மிகையான அயோடினும் சுரப்பியைப் பாதிக்கும்.

மீனும் முட்டையும் சாப்பிடாத சைவக் குடும்பத்தினர், பாலையும் தவிர்ப்பவர்கள், வாந்தி மிகுந்து சரியாகச் சாப்பிட முடியாதவர்கள் ஆகியோருக்குப் பற்றாக்குறை வர வாய்ப்பு அதிகம். இவர்கள் முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடமோ தாதியரிடமோ சொல்ல வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் அயோடினும் இருக்கும் என்று தாமாக முடிவு செய்யக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டு நோய் உள்ளவர்கள் தங்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ, அயோடின் மாத்திரையைத் தாமாக வாங்கவோ கூடாது.

மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாமா?

மரவள்ளிக்கிழங்கிலுள்ள ஒரு பொருள், சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடியது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் வீட்டில் எப்போதாவது சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. தோலை நீக்கி, நன்றாக வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதையே தினசரி உணவாக்கக் கூடாது.

பிரசவத்திற்குப் பிறகு?

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அயோடின் தாய்ப்பாலில்தான் கிடைக்கிறது. பத்தியம் என்ற பெயரில் மீன், முட்டை, பால் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் பாதிக்கப்படுவது தாய் மட்டுமல்ல. வீட்டுப் பெரியவர்கள் இதை மனத்தில் வைத்துச் சமைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. கடையில் உப்பு வாங்கும்போது பொட்டலத்தில் 'காராம் பெரியோடின்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடியுள்ள டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். கூடுமானவரை சமையலின் கடைசியில் போடுங்கள். திருமணமாகி வந்திருக்கும் மருமகளுக்கும், புகுந்த வீட்டுக்குப் போகும் மகளுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். கர்ப்பம் உறுதியான பிறகு சொல்வதற்கு எத்தனையோ இருக்கின்றன. இதை மட்டும் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.