கர்ப்பிணியின் உணவும் குடும்பத்தின் கடமையும்

நீரிழிவு முதியோர்க்கும் செல்வர்க்கும் உரிய வியாதியென்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கியபாடில்லை. முன்பு யாதொரு நோயும் அறியாத இளம் பெண்களையும் கர்ப்ப காலத்தில் அது பற்றுகிறது. இதை அறிந்த ஆடவரும் ‘ஸ்திரீகள் விஷயம்’ என்று ஒதுக்கிவிடுகின்றனர். இது ஆடவரின் கடமையுமாகும் என்பதே நம் கருத்து.

கர்ப்பம் முதிர முதிர, நஞ்சுக்கொடியில் ஊறும் சில சுரப்புகள் இன்ஸுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதற்கு ஈடாக இன்ஸுலின் சுரவாத தாயின் இரத்தத்தில் சர்க்கரை பெருகுகிறது. அச்சர்க்கரை சிசுவைச் சென்று சேர்கிறது. தாயின் இன்ஸுலினோ சேர்வதில்லை. ஆதலால் சிசுவின் கணையமே மிகுதியாக இன்ஸுலினைச் சுரக்கிறது. சிசு அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் கடினமாகிறது. பிறந்தபின் சர்க்கரை வரவு நின்றும் சுரப்பு உடனே அடங்குவதில்லை. சிசுவின் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாய்க் குறைந்து விடுவதுண்டு. ‘குழந்தை புஷ்டியாயிருக்கிறது’ என்று நாம் மகிழும் புஷ்டி சில வேளைகளில் நோயின் குறியே.

1921-ல் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் முதலியோர் இன்ஸுலினைக் கண்டறியுமுன், நீரிழிவுள்ள பெண் தாயாவது உயிரைப் பணயம் வைப்பதாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. சென்னை டாக்டர் வீ. சேஷய்யாவின் இடையறா முயற்சியின் பயனாக, கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதிக்க 2007-ல் தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவிட்டது. 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பதே அம்முறை; பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. 140 மில்லிகிராமை எட்டினால் நோய் உண்டென்று கொள்வர். முதல் வருகையில் தெளிவாயிருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி சோதிப்பது அவசியம்.

நோய் தெரிந்தபின் முதல் மருந்து உணவே. இதில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. ‘இரண்டு உயிருக்காக உண்’ என்று சோற்றைக் குவிப்பது ஒன்று. அஞ்சிப் பட்டினி போடுவது மற்றொன்று. இரண்டும் தீங்கே. மூன்று வேளை ஆகாரமும், இடையிடையே சிறு ஆகாரமுமாகப் பகிர்ந்து உண்ண வேண்டும். சோற்றையும் இட்டிலியையும் அளவாக்கி, பருப்பு, பயறு, கீரை, காய்கறி, மோர் ஆகியவற்றையும், உண்பவராயின் முட்டை, மீனையும் கூட்ட வேண்டும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே. கேழ்வரகும் கஞ்சியாய்க் காய்ச்சினால் விரைவில் சர்க்கரையை ஏற்றும். விரத நாட்களில் உணவை விலக்குதல் கூடாது. இவ்வாறு இரண்டு வாரம் நடந்தும், உண்ட இரண்டு மணிக்குப் பின் சர்க்கரை 120 மில்லிகிராமுக்குக் குறையாவிடில், வைத்தியர் மருந்தோ இன்ஸுலினோ தருவார். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் இவ்விதிகளை அநுஷ்டிக்க அவளுக்கு இடமுண்டா? நம் வீடுகள் பலவற்றில் எல்லோரும் உண்டெழுந்த பின்னரே மருமகள் இலையிடுகிறாள். அப்போது பருப்பும் கறியும் தீர்ந்து, சோறும் ரசமுமே மிஞ்சும். கணவன் இரவு எந்நேரம் திரும்பினாலும் அதுவரை அவள் பசித்திருக்கிறாள். நேரத்துக்கு உண்ணெனும் வைத்தியரின் சொல் இத்தகைய வீட்டில் என்ன பயன் தரும்? பெண்ணுரிமையை மேடையில் முழங்கும் தொண்டர் தம் வீட்டுப் பந்தி முறையை முதலில் மாற்றட்டும். கர்ப்பிணி முதலில் உண்ணட்டும். பருப்பின் முதற்பங்கு அவளுடையதாகட்டும்.

ஏழைகள் விஷயத்தில் பொறுப்பு பொதுவானது. ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்போ சலுகை விலையிலாயினும் அளவாகவே கிடைக்கிறது. மலிந்ததைக் கொண்டு வயிற்றை நிரப்புவது அவர்கள் குற்றமன்று. நோயுள்ள கர்ப்பிணிக்குப் பருப்பும் முட்டையும் கூடுதலாய் அளிக்குமாறு வற்புறுத்துவது நம் தொண்டர்க்கு ஏற்ற வேலை.

பிரசவத்தோடு கவலை தீர்ந்ததென்று இருத்தலாகாது. ஆறு வாரம் கழித்துத் தாயை மீண்டும் சோதிக்க வேண்டும். பிற்காலத்தில் நிலையான நீரிழிவு அவளைத் தொடரக்கூடும். அவள் குழந்தைக்கும் அந்த அபாயம் அதிகம். ஒரு தாயின் இலையைக் கவனிப்பது இரு தலைமுறையைக் காப்பதாகும். அதைப் பெண்களிடம் மட்டும் விட்டுவிட்டு நாம் தேச க்ஷேமம் பேசுவது பொருந்தாது.