பேசாலைக் கரையில் வாசிக்க முடிகிறதா?

கடலுக்குப் போகுமுன் காற்று எப்படி என்று பார்ப்பது மன்னார்க் கரையில் அன்றாடக் காரியம். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்று எந்தத் திசையில், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. அந்த அறிவித்தல் எழுத்தாகப் போனுக்கு வந்தால், ஆண்ட்ரொயிடில் உள்ள டோக்பேக் போன்ற திரைவாசிப்பான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும். கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதையே யாரோ படமாக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினால், விளக்கம் சேர்க்காத அந்தப் படத்தின் முன்னால் திரைவாசிப்பான் தடுமாறும். பலர் கைமாறி வந்த படத்தைப் பெரிதாக்கினால் எழுத்தும் கலங்கிவிடும். அதே தகவல், அதே தமிழ். ஆனால் ஒருவருக்குக் கிடைக்கிறது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு செயலி நன்றாக இருக்கிறதா என்று கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து தீர்ப்பளிக்க முடியாது என்பதே என் வாதம். பயன்பாட்டுத்தன்மைக்கு 1998இல் வரையறை தந்த ஐஎஸ்ஓ 9241-11 தரநிலையும் இதையே சொல்கிறது: இன்ன ஆட்கள், இன்ன வேலையை, இன்ன சூழலில் செய்து முடிக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும். சூழலை விட்டுவிட்டால் அளவுகோலே இல்லை. சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. பார்வை குறைந்தவர்களை நினைத்து எழுதியதுதான். ஆனால் நண்பகல் வெயிலில் மன்னாரின் பேசாலை மணலில் நின்றுகொண்டு வெள்ளைத் திரையில் இளஞ்சாம்பல் எழுத்தைத் தேடுகிறவருக்கு எவ்வளவு நல்ல கண் இருந்தும் என்ன? உப்புநீர் சொட்டும் விரலைத் தொடுதிரை சரியாக உணராது. சின்னப் பொத்தான்கள் நெருங்கி இருந்தால் ஒன்றுக்குப் பதிலாக மற்றது அமுங்கும். போரில் கையை இழந்தவருக்கு எப்போதும் உள்ள சிரமம், வலை பிடித்த கையோடு நிற்பவருக்கு அந்த நேரத்தில் வருகிறது. ஒருவருக்காகச் செய்த திருத்தம் மற்றவருக்கும் உதவுகிறது.

தமிழ் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது உண்மை. ஆனால் மொழிபெயர்ப்பு மேலே பூசிய சாயமாகவே நின்றுவிடலாம். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் வந்ததும் அது 70 இடங்களாகச் சுருங்கிவிடும். அந்த 70இலும் புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனி இடம் வேண்டும். ‘மன்னார்’ என்ற நான்கெழுத்துச் சொல் ஏழு இடங்களைப் பிடிக்கிறது. ஆகவே தமிழில் அனுப்பினால் ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரியும், அனுப்புகிறவருக்குச் செலவும் கூடும். ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் வரும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் இப்படித்தான். தமிழ் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருப்பவர் அந்த ஓர் எழுத்துக்காக ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டும். அந்த இடத்தில் தானே விசைப்பலகையை மாற்றிக் கொடுப்பது செய்நிரலருக்குச் சின்ன வேலை. படிவத்தில் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டிகள் வைத்தால், தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்திருப்பவர் எதை எங்கே எழுதுவார்?

பிள்ளைகள் பார்த்துச் செய்து கொடுப்பார்கள்தானே என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. செய்து கொடுக்கிறார்கள். ஆனால் அப்போது வங்கியின் இரகசிய இலக்கமும் கணக்கில் உள்ள காசும் இன்னொருவர் கைக்குப் போகின்றன. வயதான தாய் தன் பணத்தைத் தானே பார்க்கும் உரிமையை அன்பின் பேரில் பறிப்பது சரியாகாது. குறித்த நேரத்தில் செயலி தானே மூடிக்கொள்ளும் நேர வரம்பு பாதுகாப்புக்காகத்தான் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. வரம்பே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. நேரம் முடியுமுன் எச்சரித்து, நீடிக்கக் குறைந்தது 20 செக்கன் கொடு என்பதுதான் வழிகாட்டியின் பொதுவான எதிர்பார்ப்பு. செலவு என்று சொல்பவர்களுக்குப் பயன்பாட்டுத்தன்மை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் பழைய கணக்கு போதும்: ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள், ஏறத்தாழ 85 வீதம், தெரிந்துவிடும். ஒரே மாதிரியான ஐந்து பேருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும் என்பதால், பார்வையற்றவர்களையும் கடற்றொழிலாளர்களையும் தனித்தனியே அழைக்க வேண்டியிருக்கும். அப்படியும் பெரிய செலவில்லை.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது வந்த தேசிய எரிபொருள் அனுமதி, பதிவு செய்யும்போது தொலைபேசியைக் கேட்டது. ஆனால் கிடைத்த கியூஆர் குறியீட்டைக் காகிதத்தில் அச்சடித்தும் காட்ட முடிந்தது. பற்றரி தீர்ந்தாலும் சிக்னல் இல்லாவிட்டாலும், விலை கூடிய போன் இல்லாவிட்டாலும் வேலை நடந்தது. ஸ்கேன் செய்யும் பொறுப்பு நிரப்பு நிலையத்தின் பக்கம் போனதுதான் காரணம். அரசுக்குரிய கொடுப்பனவுகளை இணையவழியே செலுத்தும் கவ்பே 2025 பெப்ரவரியில் தொடங்கியிருக்கிறது, டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலை நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியும் இருக்கிறது. கருமபீடங்களைக் குறைக்கத் தொடங்குமுன், இவற்றைச் செய்கிறவர்கள் ஒரு நண்பகலில் தாழ்வுபாட்டுக்கும் பேசாலைக்கும் வந்து, போனை ஈரக் கையில் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.